எஃப்.எல்.ஏ தொலைந்துவிட்டதா? எஸ்.டபிள்யூ.எஃப் ஃபைலுக்குள்ளேயே நிரலைத் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். 2017-க்கு முன்பு மே 29-ஆம் தேதியே முடிந்துவிடும், 45 நாள்தான். அந்தப் பழைய கணக்கை வைத்துச் செய்த ஃபிளாஷ் அனிமேஷன் ஒன்று பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு பள்ளிக் கணினியில் ஓடினால், மே 30 காலையில் அது "தடைக்காலம் முடிந்தது" என்று காட்டும். படம் அருமையாக இருக்கும், குரல் தெளிவாக இருக்கும், தகவல் மட்டும் தப்பாக இருக்கும். திருத்தலாம் என்று பார்த்தால் மூல ஃபைலான எஃப்.எல்.ஏ எங்கே என்று யாருக்கும் தெரியாது. கையில் மிஞ்சியிருப்பது தொகுத்து முடித்த எஸ்.டபிள்யூ.எஃப் மட்டுமே.

அதைத் திருத்த முடியும். இந்த வழிகாட்டி முழுக்க இந்தத் தடைக்காலக் கணக்கையே எடுத்துக்காட்டாக வைத்துப் போகிறது. உங்கள் ஃபைலில் இருப்பது அலைநேர அட்டவணையாகவோ வினாடி வினாவாகவோ இருந்தாலும் வேலை இதேதான். அடிப்படை விதி ஒன்று உண்டு: எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொடுங்கள். முழு ஃபைலையும் பிரித்து மறுபடி கட்டுவதைவிட, தப்பாக இருக்கும் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவது பத்திரமானது.

முதலில், உண்மையிலேயே தொலைந்ததா?

பிரிக்கத் தொடங்கும் முன் ஒருமுறை நன்றாகத் தேடுங்கள். ஃபைல் பெயர் மாறியிருக்கலாம், அதனால் எஃப்.எல்.ஏ என்ற பின்னொட்டை வைத்துத் தேடுங்கள். பழைய சி.டி.க்களில் மூல ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பதும் உண்டு. ஃபிளாஷ் சி.எஸ்.5-இலிருந்து எஃப்.எல்.ஏ என்பது உள்ளே ஒரு ஸிப் ஃபைல்தான். "திறக்கவில்லை, கெட்டுவிட்டது" என்று ஒதுக்கி வைத்த எஃப்.எல்.ஏ இருந்தால், அதை நகலெடுத்துப் பின்னொட்டை ஸிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். ஓரளவு கெட்டிருந்தாலும் உள்ளே எக்ஸ்.எம்.எல் ஃபைல்களில் ஸ்கிரிப்ட் அப்படியே கிடைக்கக்கூடும். அதற்கு முந்தைய பதிப்புகளின் எஃப்.எல்.ஏ வேறு வகை, இந்த வழி அதற்குப் பலிக்காது.

கையில் இருப்பது எஸ்.டபிள்யூ.எஃப் அல்ல, இரட்டைச் சொடுக்கில் ஓடும் ஈ.எக்ஸ்.ஈ என்றாலும் கவலை வேண்டாம். ப்ரொஜெக்டர் எனப்படும் அந்த ஃபைலின் முன்பகுதி ஃபிளாஷ் இயக்கி. உங்கள் எஸ்.டபிள்யூ.எஃப் அதன் பின்னால் முழுசாக ஒட்டப்பட்டிருக்கும். கீழே சொல்லும் கருவியே அதைத் தேடி எடுத்துவிடும்.

உரிமை விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஃபைல் உங்கள் நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், அல்லது செய்தவரிடமிருந்து எழுத்தில் அனுமதி இருக்க வேண்டும். அடுத்தவர் படைப்பைப் பிரித்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதற்கான வழி இது இல்லை.

நகலும் அடையாளமும்

மூல எஸ்.டபிள்யூ.எஃப்-ஐ ஒரு ஃபோல்டரில் போட்டு, மாற்ற முடியாதபடி படிக்க மட்டும் என்று அமைத்துவிடுங்கள். அதன் எஸ்.ஹெச்.ஏ-256 மதிப்பை, அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண்ணை, எடுத்து ஒரு உரை ஃபைலில் எழுதி வையுங்கள். விண்டோஸில் சர்ட்யூட்டில் கட்டளையே இதற்குப் போதும். வேலை எல்லாம் நகலில்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய பெயர் கொடுத்துச் சேமியுங்கள். இரண்டு திருத்தங்களை ஒன்றாகச் செய்துவிட்டுப் படம் ஓடாமல் போனால், எது காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

ஃபைல் எந்த வகை?

பைட்டுகளை நேரடியாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். எஃப்.டபிள்யூ.எஸ் என்றால் சுருக்கப்படாதது. சி.டபிள்யூ.எஸ் என்றால் ஸீலிப் முறையில் சுருக்கியது, இது ஃபிளாஷ் 6 முதல் உண்டு. இஸட்.டபிள்யூ.எஸ் என்றால் எல்.இஸட்.எம்.ஏ, இது பதிப்பு 13 முதல். நான்காவது பைட் பதிப்பு எண். அடுத்த நான்கு பைட் சுருக்கத்தை விரித்த பிறகான மொத்த நீளம்.

பதிப்பு எண்ணைவிட முக்கியமானது ஃபிளாஷின் நிரல்மொழி, அதாவது எந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்பது. பதிப்பு 8 அல்லது அதற்குக் கீழே என்றால் ஐயமே இல்லை, ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1 அல்லது 2. பதிப்பு 9-ம் அதற்கு மேலும் என்றால் அந்தப் பழைய வகையாகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம். எஸ்.டபிள்யூ.எஃப் என்பது டேக் எனப்படும் எண்ணிட்ட துண்டுகளின் வரிசை. ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் ஃபைல்ஆட்ரிபியூட்ஸ் டேக்கில் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற கொடி இருக்கிறதா என்று பாருங்கள். பழையவற்றில் நிரல் டூஆக்‌ஷன் டேக்குகளில், அதாவது 12-ஆம் எண் டேக்கில் சிதறிக் கிடக்கும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்றால் எல்லாம் டூஏபிசி என்ற 82-ஆம் எண் டேக்குக்குள் இருக்கும். இரண்டும் ஃபிளாஷ் பிளேயருக்குள் வேறு வேறு மெய்நிகர் இயந்திரங்களில் ஓடுபவை. ஒன்றுக்கான பைட்கோடு, அதாவது தொகுத்த நிரல், மற்றொன்றில் ஓடாது.

கருவிகள்

முக்கியக் கருவி ஜெபெக்ஸ் ஃப்ரீ ஃபிளாஷ் டீகம்பைலர். சுருக்கமாக எஃப்.எஃப்.டெக் என்பார்கள். இலவசம், திறந்த மூலம், ஜாவாவில் ஓடுவது. பிரிப்பது மட்டுமல்ல, பிரித்ததைத் திருத்தித் திரும்ப அதே ஃபைலில் வைக்கவும் செய்யும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் ஆழமான வேலை என்றால் ஆர்.ஏ.பி.சி.டி.அஸெம் என்ற கட்டளைவரித் தொகுப்பும் உண்டு. டூஏபிசி பகுதியை வெளியே எடுத்து, உரையாகப் பிரித்து, திருத்தி, கட்டி, மறுபடி உள்ளே வைக்கத் தனித்தனிக் கட்டளைகள் கொண்டது. பெரும்பாலானவர்களுக்கு முதல் கருவியே போதும்.

ஓட்டிப் பார்க்க இரண்டு இயக்கிகள் வேண்டும். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் உலாவிக்குள் ஃபிளாஷ் ஓடுவதையே தடுத்தும்விட்டது. ஆனால் தனியாக ஓடும் ப்ரொஜெக்டர் இயக்கி இன்றும் ஓடும். அதில் பிழைகளைப் பதியும் டீபக்கர் பதிப்பு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று ரஃபிள். ரஸ்ட் மொழியில் எழுதிய திறந்த மூல எமுலேட்டர் இது. உலாவியிலும் ஓடும், தனிச் செயலியாகவும் ஓடும். பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஃபைல்களை ரஃபிள் நன்றாகவே ஓட்டுகிறது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் விடுபட்டவை இன்னும் உள்ளன. திருத்திய ஃபைல் கடைசியில் எந்த இயக்கியில் ஓடப்போகிறதோ அதிலும் சோதித்தாக வேண்டும்.

எஃப்.எல்.ஏ-வாக ஏற்றுமதி செய்துவிட்டால் என்ன?

எஃப்.எஃப்.டெக் எஃப்.எல்.ஏ-வாகவும் ஏற்றுமதி செய்து தரும். பலரும் நேராக அங்கே போய்விடுகிறார்கள். படம் பெரிய அளவில் மாறப்போகிறது என்றால் அது சரியான வழி. உதாரணமாக, பழைய பாம்பன் பாலத்தின் இரண்டு கைகளும் மேலே விரிந்து திறக்கும் காட்சியை எடுத்துவிட்டு, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலேறுவதை வரைய வேண்டும் என்றால் நிரலைத் திருத்தி எந்தப் பயனும் இல்லை. வரைகலை வேலை அது.

ஒரு எண்ணை மாற்ற மட்டும் அந்த வழியில் போகாதீர்கள். தொகுக்கும்போதே பல விஷயங்கள் அழிந்துவிடுகின்றன. லேயர் பெயர்கள் இருக்காது. ட்வீன்கள் எனப்படும் இடையசைவுகள் ஒவ்வொரு ஃபிரேமாக உடைந்து வரும். நிரலில் எழுதிய குறிப்புரைகள் இருக்காது. செயற்கூறுக்குள் இருந்த மாறிகளின் பெயர்கள் பெரும்பாலும் "லோக் 1", "லோக் 2" என்றுதான் வரும். எழுத்துருவில் பயன்படுத்திய எழுத்துகள் மட்டுமே இருக்கும். இதெல்லாம் போதாதென்று, 2013-இல் வந்த ஃபிளாஷ் சி.சி. பதிப்பிலிருந்து ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-க்கான ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய ஃபைலை மறுபடி தொகுக்க சி.எஸ்.6 அல்லது அதற்கு முந்தையது தேவை.

நிரல் எங்கே ஒளிந்திருக்கிறது

ஃபைலை எஃப்.எஃப்.டெக்கில் திறந்தால் இடப்பக்கம் மரம்போல் விரியும். ஸ்கிரிப்ட்ஸ் என்ற கிளையில் தொடங்குங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2-ல் நிரல் முக்கியமாக நான்கு இடங்களில் இருக்கலாம்: முதன்மை டைம்லைனின் ஃபிரேம்கள், ஒவ்வொரு ஸ்பிரைட்டின் (தனி டைம்லைன் கொண்ட துணைப்படம், மூவிகிளிப் என்பதும் இதுவே) உள் ஃபிரேம்கள், பொத்தான்கள், மேடையில் வைத்த மூவிகிளிப்பின் மேலேயே எழுதிய நிரல். கடைசி வகையை நிறையப் பேர் கவனிக்காமல் விடுவார்கள், ஏனென்றால் அது பொருளை மேடையில் வைக்கும் டேக்குக்குள் பதுங்கியிருக்கும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ல் ஃபிரேம் நிரல்கள் எல்லாம் மெயின்டைம்லைன் போன்ற வகுப்புக்குள் ஃபிரேம் 1, ஃபிரேம் 2 என்ற செயற்கூறுகளாக மாறியிருக்கும். அவற்றை எந்த ஃபிரேமில் ஓட்டுவது என்று சொல்லும் வரியில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

உரைத் தேடலில் 45 என்று போட்டால் கொட்டும். சாய்கோணம் 45, ஒளிபுகும் அளவு 45, 45-ஆம் ஃபிரேமுக்குத் தாவு என்று பல. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, தடைக்காலத்தோடு தொடர்புடையதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரம் 45 மட்டும் தேடினால் போதாது. ஒரே தகவல் வேறு உருவங்களிலும் இருக்கும். தொடக்க நாளோடு 44 கூட்டி முடிவு நாளைக் கண்டுபிடிக்கும் நிரலில் 44 என்று இருக்கும். முடிவுத் தேதியை நேரடியாகக் கொடுத்திருந்தால் மாதம் 4, நாள் 29 என்று இருக்கும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் ஜனவரி 0, ஆகவே மே 4, ஜூன் 5. இங்கே 6 என்று போட்டுவிட்டால் தடைக்காலம் ஜூலை 14 வரை நீளும். மில்லிவிநாடியில் கணக்கிட்டிருந்தால் 388,80,00,000 என்ற எண் இருக்கும். ஒரு நாளுக்கு 8,64,00,000 மில்லிவிநாடி, அதை 45-ஆல் பெருக்கியது அது.

ஃபைலில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையும் வருகிறதா என்று கவனியுங்கள். அங்கே தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்தக் கணக்கைக் கிழக்குக் கரையின் தேதியால் மூடிவிடக் கூடாது.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2: ஒரு எண்ணை மாற்றுவது

ஸ்கிரிப்டைச் சொடுக்கினால் இடப்பக்கம் ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் வலப்பக்கம் பி-கோடும் (பைட்கோடை வாசிக்கும்படி எழுதிய வடிவம்) தெரியும். இடப்பக்கம் "தடைநாள் = 45" என்பதுபோல ஒரு வரி. அதைச் சொடுக்கினால் வலப்பக்கம் அதற்குரிய பைட்கோடு வரிகள் ஒளிரும்: மாறியின் பெயரையும் 45-ஐயும் ஸ்டேக்கில் (மதிப்புகளைத் தற்காலிகமாக அடுக்கும் இடம்) தள்ளும் புஷ் கட்டளை ஒன்று, அதன் கீழே மதிப்பைப் பொருத்தும் கட்டளை ஒன்று.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத் திருத்து பொத்தான் உண்டு. எண்ணை மட்டும் மாற்றுவதென்றால் பி-கோடு பக்கத்தையே திருத்துங்கள். காரணம் இருக்கிறது. இடப்பக்கம் தெரிவது செய்தவர் எழுதிய நிரல் இல்லை, பைட்கோடைப் பார்த்துக் கருவி ஊகித்து எழுதியது. அதைத் திருத்திச் சேமித்தால் அந்த ஸ்கிரிப்ட் முழுதும் மறுபடி தொகுக்கப்படும். கருவி ஏதாவது ஒரு லூப்பையோ ஸ்விட்சையோ தப்பாக ஊகித்திருந்தால், நீங்கள் தொடாத அந்த இடமும் சேர்ந்து மாறிவிடும். பி-கோடில் 45-ஐ 61 ஆக்கினால் மாறுவது அந்த ஓர் எண்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். பதினாறடிமான முறையில் 45 என்பது 2டி, 61 என்பது 3டி. முழு எண் என்பதைக் குறிக்கும் 07 என்ற பைட்டும் அதையடுத்து 2டி 00 00 00 என்ற நான்கு பைட்டுகளும் இருந்த இடத்தில், 2டி மட்டும் 3டி ஆகிறது. நீளம் மாறவில்லை. தாவல் கட்டளைகளின் தூரம் மாறவில்லை. தலைப்பில் இருக்கும் மொத்த நீளமும் மாறவில்லை. இதனால்தான் இந்த வகைத் திருத்தம் இவ்வளவு பத்திரமானது. அதற்காக ஹெக்ஸ் எடிட்டரில் கண்ணை மூடிக்கொண்டு 2டி எல்லாவற்றையும் 3டி ஆக்கிவிடாதீர்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ன் பைட்கோடில் 2டி என்பதே ஒரு கட்டளையின் எண்.

சொற்களை மாற்றும்போது வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரிப்டின் தலையில் கான்ஸ்டன்ட்பூல் என்ற பட்டியல் இருக்கும். நிரலில் வரும் சொற்களெல்லாம் அங்கே ஒருமுறை எழுதப்பட்டு, மற்ற இடங்களில் வரிசை எண்ணால் குறிக்கப்படும். பூலில் ஒரு சொல்லை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லா இடமும் மாறிவிடும். திரையில் காட்டும் "முடிந்தது" என்ற சொல்லையே நிரல் ஒப்பிட்டுப் பார்க்கவும் பயன்படுத்தியிருந்தால் தர்க்கம் உடையும்.

புதிதாக வரிகள் சேர்க்க வேண்டிய இடத்தில் மட்டும் இடப்பக்கத்தைத் திருத்துங்கள். அப்படி ஓர் இடம் நம் எடுத்துக்காட்டிலேயே வரும். தடைக்காலம் நகர்வதைக் காட்டும் பட்டை ஒன்று 45 ஃபிரேம் கொண்ட மூவிகிளிப்பாக இருக்கிறது, நாளுக்கு ஒரு ஃபிரேம். 46-ஆம் நாள் வந்ததும் போக இடமில்லாமல் பட்டை கடைசி ஃபிரேமிலேயே நின்றுவிடும். மே 30-க்கே நிரம்பிவிட்டதாகத் தெரியும். ஸ்பிரைட்டுக்குள் 16 ஃபிரேம் புதிதாகச் சேர்ப்பதைவிட, நாளை 45-ஆல் பெருக்கி 61-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கிய எண்ணுக்குத் தாவச் சொல்வது எளிது. 1-ஆம் நாள் 1-ஆம் ஃபிரேம், 61-ஆம் நாள் 45-ஆம் ஃபிரேம். படத்தைத் தொடவே வேண்டியதில்லை.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3: எண்ணோடு வகையும் சேர்ந்து வரும்

சிறிய எண்கள் இங்கேயும் சுலபம். 45-ஐத் தள்ளுவது புஷ்பைட் என்ற கட்டளை. அது -128 முதல் 127 வரை ஏற்கும், 61 அதற்குள் அடங்கிவிடும். 127-ஐத் தாண்டினால் புஷ்ஷார்ட் என்று கட்டளையையும் சேர்த்து மாற்ற வேண்டும். புஷ்பைட் 200 என்று எழுதினால் 200 கிடைக்காது.

நிறையப் பேர் விழும் குழி மில்லிவிநாடிக் கணக்கில் இருக்கிறது. யூஇன்ட் என்ற குறியற்ற முழு எண் வகையில் 429,49,67,295 வரைதான் அடங்கும். 45 நாளுக்கான 388,80,00,000 அதற்குள் இருக்கிறது, ஆகவே பழைய நிரல் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கும். 61 நாளுக்கான 527,04,00,000 அடங்காது. மேலே வழிந்தது போக மிச்சம் 97,54,32,704 மட்டும் நிற்கும். அது 11 நாளும் சுமார் 7 மணி நேரமும். விளைவு, ஏப்ரல் 26 காலை ஏழு மணி வாக்கில் திரையில் "தடைக்காலம் முடிந்தது" என்று வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. திருத்தியவர் கண்ணுக்கு எண் சரியாகவே தெரியும்.

இதைச் சரிசெய்ய எண்ணை மட்டும் மாற்றினால் ஆகாது. புஷ்யூஇன்ட் இருந்த இடத்தில் புஷ்டபுள் வர வேண்டும். அதையடுத்து வகைமாற்றும் கன்வர்ட்_யூ கட்டளை இருந்தால் அது கன்வர்ட்_டி ஆக வேண்டும். மாறி வகுப்பின் உறுப்பாக இருந்தால், அந்த வகுப்பின் ட்ரெய்ட் பகுதியில் அதன் வகை யூஇன்ட் என்று இருப்பதையும் நம்பர் என்று மாற்ற வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மதிப்பு மறுபடி வெட்டுப்படும்.

பி-கோடில் புதிய கட்டளைகள் சேர்த்தால் மேக்ஸ்ஸ்டேக் என்ற எண்ணைப் பாருங்கள். அந்தச் செயற்கூறு ஒரே நேரத்தில் ஸ்டேக்கில் வைக்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை அது. நீங்கள் சேர்த்த வரிகள் அதைத் தாண்டினால் வெரிஃபைஎரர் 1023 வரும். தள்ளியதைவிட அதிகமாக எடுத்தால் 1024. இல்லாத ரெஜிஸ்டரைத் தொட்டால் 1025, அங்கே ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கையான லோக்கல்கவுன்ட்டைக் கூட்ட வேண்டும். கிளை பிரிந்து சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஸ்டேக்கின் ஆழம் ஒன்றாக இல்லையென்றால் 1030. இந்த எண்களைப் பார்த்தால் பதற வேண்டாம், எங்கே தவறு என்று அவையே சொல்லிவிடுகின்றன.

ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-ஐ நேரடியாகத் திருத்திச் சேமிக்க பிளேயர்குளோபல் என்ற நூலக ஃபைலை எஃப்.எஃப்.டெக் கேட்கும். அமைப்புகளில் அதன் இடத்தைக் காட்ட வேண்டும். சிறிய வகுப்புகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். மெயின்டைம்லைன் போன்ற பெரிய வகுப்பு என்றால் பி-கோடே மேல்.

பெயர்களெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தால் ஃபைல் வேண்டுமென்றே குழப்பப்பட்டிருக்கிறது. குழப்பத்தை நீக்கும் வசதியை வாசிப்பதற்காக மட்டும் ஒரு தனி நகலில் பயன்படுத்துங்கள். திருத்தத்தை மூலத்தின் நகலில் செய்யுங்கள்.

தமிழ் எழுத்து: இங்கேதான் நேரம் போகும்

நிரல் சரியாகிவிட்டது, திரையில் மட்டும் "45 நாள்" என்று நிற்கிறதா? அது நிரலில் இல்லை, டெக்ஸ்ட்ஸ் கிளையில் நிலையான உரையாக இருக்கிறது. திறந்தால் தமிழ் தெரியாது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவிப்பதற்கு முன் செய்த படைப்புகளில் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஏதாவது ஒரு பழைய குறியீட்டு எழுத்துருதான் இருக்கும். பாமினியில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி என்று சேமித்திருந்தால், திரையில் அது "தமிழ்" என்று தெரியும். எந்தக் குறியீடு என்று ஃபான்ட்ஸ் கிளையில் எழுத்துருவின் பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்கி வாசித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் யூனிகோட் தமிழை ஒட்டக் கூடாது. ஃபைலுக்குள் பதித்த எழுத்துருவை வைத்துச் சாதாரண உரைப்பெட்டி ஒவ்வொரு எழுத்தையும் வந்த வரிசையிலேயே வரையும். "கெ" என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். பழைய எழுத்துருக்களில் கொம்பை முன்னாலேயே தட்டச்சிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே பாமினியில் இருப்பதைப் பாமினியிலேயே திருத்துங்கள்.

அடுத்த தடை, எழுத்து இல்லாமை. படத்தில் பயன்பட்ட எழுத்துகள் மட்டுமே ஃபைலில் பதிந்திருக்கும். "மே 29" என்பதை "ஜூன் 14" ஆக்கும்போது ஜூ என்ற எழுத்து படத்தில் வேறெங்கும் வந்திருக்காவிட்டால் அது இருக்காது. 6-ம் 1-ம்கூட இல்லாமல் போகலாம். அதே எழுத்துருவைக் கணினியில் நிறுவிவிட்டு, எழுத்துருப் பக்கத்தில் தேவையான எழுத்துகளைச் சேர்க்கலாம். எழுத்துரு ஒரே பெயரில் இருந்தாலும் பதிப்பு வேறாக இருந்தால் புதிய எழுத்துகள் சற்றுத் தடித்தோ மெலிந்தோ தெரியும்.

எழுத்துருவே கிடைக்கவில்லை என்றால் உரையைப் படமாக்கிவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழில் தட்டச்சிட்டு, பாதையாக மாற்றி, எஸ்.வி.ஜி-ஆகச் சேமித்து, ஃபைலில் இருக்கும் ஒரு வடிவத்துக்குப் பதிலாக வையுங்கள். தலைப்புகளுக்கும் மாறாத வாசகங்களுக்கும் இதுதான் ஆகச் சிறந்த வழி. எந்த இயக்கியிலும் எழுத்து உடையாது. நிரல் எழுதி மாற்றும் உரைக்கு மட்டும் இது உதவாது.

குரலில் "நாற்பத்தைந்து நாள்" என்று வந்தால் புதிதாகப் பதிந்து சவுண்ட்ஸ் கிளையில் மாற்றுங்கள். எம்.பி.3 என்றால் 11025, 22050, 44100 ஹெர்ட்ஸ் என்ற அளவுகளில் இருக்க வேண்டும். கைபேசிப் பதிவுகள் பெரும்பாலும் 48000-இல் வரும், மாற்றிவிட்டே போடுங்கள். ஃபிரேம்களோடு சேர்ந்து ஓடும் ஸ்ட்ரீம் ஒலி என்றால் புதிய பதிவின் நீளம் பழையதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கடைசிச் சொல் வெட்டுப்படும்.

அடுத்த முறைக்காக எண்ணை வெளியே எடுப்பது

நாட்களின் எண்ணிக்கை இன்னொரு முறை மாறலாம். மறுபடி பைட்கோடைத் தோண்டாமல் இருக்க, எண்ணை ஓர் உரை ஃபைலிலிருந்து படிக்கச் செய்யலாம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2-ல் லோட்வார்ஸ், 3-ல் யூஆர்எல்லோடர். செய்வதற்குச் சில வரிகளே ஆகும், ஆனால் சிக்கல் நான்கு இடத்தில் வரும்.

படிக்கும் வேலை உடனே முடியாது. அதனால் முதல் ஃபிரேமில் படத்தை நிறுத்தி, தரவு வந்து சேர்ந்த பிறகு ஓட விட வேண்டும். தரவு வராமல் போனால் 61 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

வருவது எண் இல்லை, எழுத்துக்கோவை. அதோடு 1 கூட்டினால் 62 வராது, 611 வரும். நம்பர் என்ற செயற்கூறால் எண்ணாக்கிய பிறகே கணக்கிடுங்கள்.

உரை ஃபைலில் மதிப்புக்கு முன்னும் பின்னும் ஆம்பர்சாண்ட் குறி போடுங்கள். போடாவிட்டால் நோட்பேடில் கடைசியாக அழுத்திய என்டர் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபைலை யூ.டி.எஃப்-8-இல் சேமியுங்கள்.

நான்காவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஃபைல்ஆட்ரிபியூட்ஸ் டேக்கில் யூஸ்நெட்வொர்க் என்ற கொடி இயக்கத்தில் இருந்தால், கணினியிலேயே திறக்கும் ஃபைல் பக்கத்தில் இருக்கும் உரை ஃபைலைப் படிக்க ஃபிளாஷ் பிளேயர் பாதுகாப்புக் காரணத்தால் மறுத்துவிடும். பள்ளிக் கணினியில் இணையம் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் அந்தக் கொடியை அணைத்துச் சேமியுங்கள்.

சோதனை

ஓட்டிப் பார்க்கும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தையும் திருத்தியதையும் எஃப்.எஃப்.டெக் வழியாக எக்ஸ்.எம்.எல் ஆக்கி, வின்மெர்ஜில் பக்கத்துப் பக்கமாக வையுங்கள். நீங்கள் தொட்ட டேக் மட்டும் மாறியிருக்க வேண்டும். வேறு ஏதாவது மாறியிருந்தால் அந்த நகலைக் கைவிட்டு முந்தையதிலிருந்து தொடங்குங்கள்.

டீபக்கர் இயக்கியில் பிழைகளைப் பதிய, விண்டோஸ் பயனரின் முகப்பு ஃபோல்டரில் எம்.எம்.சி.எஃப்.ஜி என்ற உரை ஃபைல் வைத்து, பிழை அறிவிப்பையும் ட்ரேஸ் பதிவையும் 1 என்று இயக்கிவிடுங்கள். ஃபிளாஷ்லாக் ஃபைலில் வரிசையாக எழுதப்படும்.

பிறகு கணினியின் தேதியை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஏப்ரல் 14-இல் தடை இல்லை என்று வர வேண்டும். ஏப்ரல் 15-இல் 61 நாள் மீதி. ஏப்ரல் 26 மதியம் ஒருமுறை, மேலே சொன்ன யூஇன்ட் வழிதலுக்காக. மே 29-உம் மே 30-உம், பழைய எண் எங்காவது ஒட்டியிருந்தால் இங்கே காட்டிக்கொடுக்கும். ஜூன் 14-இல் 1 நாள் மீதி, ஜூன் 15-இல் முடிந்தது. ஜூன் 14-இலேயே முடிந்தது என்று வந்தால் முடிவு நாளையும் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். ஜூன் 15-இலும் தடை என்றே வந்தால், முடிவு நாளைக் கண்டுபிடிக்கத் தொடக்க நாளோடு 60-க்குப் பதில் 61 கூட்டியிருக்கிறீர்கள். இரவு 11:55-க்கு வைத்து நள்ளிரவைத் தாண்டவும் விடுங்கள். மீதி நாளைக் கணக்கிடும்போது நேரத்தையும் சேர்த்துக் கழித்திருந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பள்ளியில் மட்டும் தப்பாக வருகிறது என்றால் நிரலைச் சந்தேகிக்கும் முன் அந்தக் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். கடலோரத்தில் உப்புக் காற்றில் பேட்டரியின் பிடிப்புத் தகடும் அரித்துப்போகும். பேட்டரியை மாற்றும்போது தகட்டையும் துடைத்துவிடுங்கள்.

திருத்திய எஸ்.டபிள்யூ.எஃப், தொடாத மூலம், இரண்டின் எஸ்.ஹெச்.ஏ-256 மதிப்புகள், எந்த டேக்கில் எந்த எண் எதுவாக மாறியது என்ற குறிப்பு, பயன்படுத்திய எஃப்.எஃப்.டெக்கின் பதிப்பு எண், எழுத்துருவின் நகல், ரஃபிளின் தனிச் செயலி, இவை அனைத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பள்ளிக்கு ஒரு நகலும் ஊருக்கு வெளியே ஒரு நகலும் வையுங்கள்.